கையொப்பமிடாத பத்திரங்கள்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரு வாரம் முன்பு, நம் தோட்டத்து ஆபீசுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கட்டுக் காகிதம் வந்து சேர்ந்தது. மானேஜர் முதல் தண்டல் வரை, ஸ்டோர் கிராணி முதல் லாரி ஓட்டுநர் வரை, சம்பளப் பட்டியலில் பெயருள்ள யாவரும் ஒரு பத்திரத்தில் கையொப்பமிட வேண்டுமென்பது உத்தரவு. கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் உடையாரிடமிருந்து பணமோ, பரிசோ, விருந்தோ பெறுவதில்லை. பெற்றது வெளிப்பட்டால் வேலைநீக்கத்துக்கு உடன்படுகிறோம் என்பது அதன் வாசகம். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருந்தது, தமிழில் இல்லை. ஆதலின் தமிழறிந்த தொழிலாளர்க்கு நாமே பொருள் கூறிக் கையொப்பம் வாங்கினோம். அதே வாரத்தில் உரம் விற்கும் கடை ஒன்றின் வண்டி பங்களாவின் பின்வாசலில் நின்று இரண்டு பெரிய கூடைகளை இறக்கிச் சென்றதையும் கண்டோம். எந்தத் தோட்டம், எந்தக் கடை என்பது ஈண்டு வேண்டாம். கூடை வந்தவிடத்திலும் பத்திரம் கையொப்பமாகித் திரும்பியது.

இதை நினைக்குந்தோறும் நமக்கு வேறொரு பத்திரத்தின் நினைவு வருகிறது. கடல் கடந்து வாணிபம் நடத்திய பெருங் கம்பெனியொன்று தன் உத்தியோகஸ்தர் கைக்கூலி வாங்கலாகாதென்று எழுதியனுப்பிய பத்திரம் அது. எழுதப்பட்டது லண்டனில், 1764ஆம் ஆண்டில். கம்பெனி, நம் முன்னோர் ‘கும்பினி’ என்றழைத்த கிழக்கிந்தியக் கம்பெனியே. இன்று உலகெங்கும் பெருங் கம்பெனிகள் இலஞ்சத் தடைக்கென்று சட்டம் தெரிந்த தனி அதிகாரிகளை வைத்து, விதிப் புத்தகங்கள் அச்சிட்டு, ஆண்டுதோறும் வகுப்பு நடத்துகின்றன. இவ்வேற்பாடுகளின் பலமும் பலவீனமும் அந்தப் பழைய பத்திரத்தின் சரித்திரத்திலேயே முழுவதும் அடங்கிக் கிடக்கின்றன. ஆதலின் அதைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கும்பினியின் கீழ்ப்படி உத்தியோகஸ்தருக்கு ‘ரைட்டர்’ என்று பெயர். அதாவது எழுத்தர், நம் பாஷையில் கிராணி. (வங்காளத்திலும் ஆங்கிலம் எழுதும் கணக்கரைக் ‘கிராணி’ என்றே வழங்கினர், நாம் தாங்கும் பெயருக்கு வயது அதிகம்.) ராபர்ட் கிளைவ் 1744ஆம் ஆண்டு சென்னைப் பட்டினத்தில் வந்திறங்கியதும் இந்த வேலைக்கே. ரைட்டருக்கு ஆண்டொன்றுக்குச் சம்பளம் 5 பவுன். அதற்கு மேற்பட்ட படிகளில் ஏறினாலும் 15, 30, 40 பவுன் என்ற அளவுதான். ஆறு மாதம் கடலில் உயிரைப் பணயம் வைத்து வருகிறவன் இந்தச் சம்பளத்துக்காகவா வருவான்? வரமாட்டான் என்பது டைரக்டர்மாருக்கு நன்கு தெரியும். சொந்த வியாபாரம் செய்துகொள்ளலாம் என்று அவர்களே அனுமதி அளித்திருந்தனர். சம்பளத்தைக் கும்பினி கொடாது. சம்பாத்தியத்தை நாட்டு மக்களிடம் எடுத்துக்கொள் என்பதே அதன் உட்பொருள். ஓர் ஊழியனைப் பட்டினி போட்டுச் சமையலறையில் காவல் வைத்த கதை இது.

1757 ஜூன் 23இல் பிளாசி யுத்தம் நடந்தது. சிராஜ் உத்தௌலா வீழ்ந்தான். மீர் ஜாபர் நவாபானான். சிம்மாசனத்தில் ஏற்றிவிட்ட நன்றிக்காக அவன் கிளைவுக்கு மட்டும் அளித்த பணம் 2,34,000 பவுன். ஆண்டுக்கு 5 பவுன் பெறும் ரைட்டர் ஒருவன் இத்தொகையைச் சம்பளத்தில் சேர்க்க வேண்டுமாயின் 46,800 ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று நம் தொழிற் பழக்கத்தால் கணக்கிட்டுப் பார்த்தோம். இதன்றி ஆண்டொன்றுக்குச் சுமார் 27,000 பவுன் வருமானமுள்ள ஜாகீரும் பின்னர்க் கிடைத்தது. அந்த ஜாகீருக்கு வாடகை செலுத்தும் குடி யாரெனில், கிளைவின் எஜமானராகிய கும்பினியே! ஊழியனுக்கு எஜமானன் குடிக்கூலி கொடுத்த விநோதம் உலகில் வேறெங்கும் நடந்திராது.

வழி திறந்தபின் நடப்போர்க்குக் குறைவேது? 1757, 1760, 1763, 1765 என எட்டாண்டில் நான்கு முறை வங்காளத்தில் நவாபு மாற்றம் நிகழ்ந்தது. ஒவ்வொரு பட்டாபிஷேகத்துக்கும் கல்கத்தா கவுன்சில் அங்கத்தினருக்கு வெகுமானம். நவாபை மாற்றினால் பணம் வருகிறது. ஆகவே நவாபை மாற்றவேண்டியதாகிறது. 1757 முதல் 1766 வரை வங்காளத்தில் இவ்வாறு வாங்கப்பட்ட ‘வெகுமானங்கள்’ 21,69,665 பவுன் என்று பின்னர்ப் பாராளுமன்றக் குழு கணக்கெடுத்தது. கிளைவின் ஜாகீர் இத்தொகையில் சேரவில்லை.

இதைக் கண்டு லண்டன் டைரக்டர்மார் கலங்கினர். வங்காளத்துக் குடியானவனுக்காகக் கலங்கினரென்று நாம் நம்புவதற்கில்லை. கும்பினியின் பெட்டிக்கு வரவேண்டிய பணம் ஊழியர் பைக்குள் போகிறதே என்பதுதான் கலக்கம். எப்படியாயினும் 1764இல் ஒரு பத்திரம் வகுத்தனர். இந்திய அரசரிடமோ அவர் அதிகாரிகளிடமோ 4,000 ரூபாய்க்கு மேற்பட்ட வெகுமானத்தைக் கும்பினியின் சம்மதமின்றிப் பெறலாகாது, 1,000 ரூபாய்க்கு மேற்பட்டதாயின் கவர்னரும் கவுன்சிலும் அறிந்து இசையவேண்டும், நிலமானியம் பெறலாகாது. ஒவ்வோர் உத்தியோகஸ்தனும் இதில் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். இன்றைய கம்பெனிகளின் விதிப் புத்தகத்தில் ‘இத்தனை வெள்ளிக்கு உட்பட்ட பரிசாயின் பெறலாம், மேற்பட்டதாயின் மேலதிகாரிக்கு அறிவிக்க’ என்று காணும் வாசகத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

பத்திரக் கட்டு 1765 ஜனவரியில் கல்கத்தா வந்து சேர்ந்தது. கவுன்சிலார் பிரித்துப் படித்தனர், மேசைமேல் வைத்தனர். கையொப்பமிட்டார் ஒருவருமிலர். பிப்ரவரி மாதத்தில் மீர் ஜாபர் இறந்தான். அவன் மகன் நஜ்ம் உத்தௌலாவைப் பட்டத்தில் வைக்கக் கவுன்சில் பிரதிநிதிகள் முர்ஷிதாபாத்துக்கு விரைந்தனர். இளைஞனாகிய அந்நவாபிடமும், அவனுக்கு மந்திரியாக அமர்த்தப்பட்ட முகம்மது ரேசாகானிடமும் பெற்ற தொகை ஏறக்குறைய 1,40,000 பவுன். வெகுமானம் வாங்கேன் என்னும் பத்திரம் ஒரு மேசைமேல் கிடக்க, அடுத்த மேசைமேல் வெகுமானம் பங்கிடப்பட்டது! பத்திரத்தில் கையொப்பமிடவில்லையாதலால் பத்திரத்தை மீறவில்லை என்பது அவர்களுடைய நியாயம். வக்கீல்களும் நாணத்தக்க இந்நியாயத்தை அவர்கள் வெளிப்படையாகவே வாதித்தனர்.

அதே ஆண்டு மே மாதம், சீர்திருத்தம் செய்யும் பூரண அதிகாரத்தோடு கல்கத்தாவில் வந்திறங்கினார் ஒருவர். அவர் யார்? ராபர்ட் கிளைவ், இப்பொழுது கிளைவ் பிரபு. 2,34,000 பவுன் வாங்கியவரை 1,40,000 பவுன் வாங்கியவர்களைத் திருத்த அனுப்பினர்! கவுன்சிலார் அவர் முகத்துக்கு நேரே இதைச் சொல்லிக் காட்டினர். குறிப்பாக ஜான் ஜான்ஸ்டன் என்பவர், பிளாசியில் தாம் நடந்து காட்டிய வழியிலன்றோ நாங்கள் நடந்தோம் என்ற கருத்துப்பட மறுமொழி எழுதிவிட்டுப் பதவியைத் துறந்தார். கிளைவ் அசையவில்லை. எல்லோரையும் கையொப்பமிடச் செய்தார், மறுத்தவர்களை விலக்கினார். அவர் மன உறுதியில் நமக்கு ஐயமில்லை. அவர் நடத்தையிலும் ஒரு மெய்யான மாற்றம் இருந்தது: மீர் ஜாபர் மரண சாசனமாக விட்டுச்சென்ற 5 லட்சம் ரூபாயைத் தாம் வைத்துக்கொள்ளாமல், அங்கவீனமுற்ற சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் உதவும் நிதியாக ஆக்கினார். சாசனச் சொத்து வெகுமானம் ஆகாதென்று வாதிட இடமிருந்தும் அங்ஙனம் செய்தார் என்பதை மறைக்கலாகாது.

ஆயின் கல்கத்தா வருமுன் சென்னையில் தங்கியபோது அவர் செய்த காரியம் ஒன்றுண்டு. மீர் ஜாபர் இறந்த செய்தி சென்னையில் கிடைத்தது. இனி வங்காளம் கும்பினியின் கைக்கு வரும் என்று அவர் கணித்தார். உடனே லண்டனிலுள்ள தம் காரியஸ்தருக்கு எழுதி, கையிலுள்ள பணமெல்லாம் போட்டுக் கும்பினிப் பங்குகளை வாங்கச் சொன்னார். 1765 ஆகஸ்டு 12இல் வங்காளத்தின் திவானி, அதாவது வரி தண்டும் உரிமை, கும்பினிக்குக் கிடைத்தது. மறு ஆண்டு அச்செய்தி லண்டனில் பரவியதும் பங்குவிலை ஏறிற்று. இதைத் தடுக்கும் வாசகம் பத்திரத்தில் இல்லை. வெகுமானம் என்ற வாசலை அடைக்க வந்தவர், பங்கு வாணிபம் என்ற ஜன்னலைத் தமக்கெனத் திறந்துவைத்துக்கொண்டார்.

குறைந்த சம்பளமே கைக்கூலிக்குக் காரணம் என்பதைக் கிளைவ் உணர்ந்திருந்தார். உயர்தர உத்தியோகஸ்தருக்கு ஈடு செய்ய, உப்பு, பாக்கு, புகையிலை மூன்றுக்கும் தனியுரிமை பெற்ற ஒரு வியாபார சங்கத்தை ஏற்படுத்தி, இலாபத்தைப் பதவிக்குத் தக்கபடி பங்கிட்டார். வெகுமானத்தை நவாபு கொடுத்தான். உப்பு இலாபத்தை வங்காளத்து ஏழையின் கஞ்சிக்கலயம் கொடுத்தது. டைரக்டர்மார் இணங்காமையால் 1768இல் இது நின்றது. அப்பால் 1769–70இல் வந்தது பஞ்சம். வங்காளத்து மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனரென்று வாரன் ஹேஸ்டிங்ஸ் மதிப்பிட்டார். 1771ஆம் ஆண்டு வரித் தண்டல் பஞ்சத்துக்கு முந்திய 1768ஆம் ஆண்டினுடையதையும் மிஞ்சியது என்று அறிவித்தவரும் அவரே. இதை எழுதும்போது நம் கை தயங்குகிறது. கணக்குப் புத்தகத்தில் எண்கள் செவ்வையாயிருந்தன, ஊர்களில் ஆளில்லை.

1772–73இல் பாராளுமன்றம் கிளைவை விசாரித்தது. அத்தனை செல்வத்தின் நடுவில் அவ்வளவோடு நின்ற தம் அடக்கத்தை எண்ணித் தமக்கே வியப்பாயிருக்கிறதென்று அவர் விடையளித்த கதை பலர் அறிந்தது. பணம் பெற்றது உண்மையென்று சபை தீர்மானித்தது. தேசத்துக்குப் பெருந்தொண்டு புரிந்தார் என்றும் அதே மூச்சில் தீர்மானித்தது. 1774 நவம்பரில் அவர் தம் கையாலேயே உயிர் நீத்தார்.

நிற்க. இனி நம் தமிழ்நாட்டின் பக்கம் வருவோம். சென்னையில் கைக்கூலி வேறோர் உருவம் கொண்டது. அதன் பெயர் கடன். வெகுமானம் வாங்கினால் பத்திரம் தடுக்கிறது. நவாபுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கினால் எந்தப் பத்திரம் தடுக்கும்? ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி செலவாளி. கும்பினி உத்தியோகஸ்தர் அவருக்கு உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்து, ஈடாக ஜில்லாக்களின் வரியையும் விளைவையும் எழுதி வாங்கினர். சில பற்றுச்சீட்டுகளுக்குப் பின்னால் பணமே இல்லை; ஒரு சகாயத்துக்காக எழுதிக் கொடுத்த சீட்டு கடனென்று பெயர் பூண்டு நின்றது. 1773இல் கும்பினிப் படையின் துணையோடு நவாபு தஞ்சாவூரைக் கைப்பற்றினார். வயலில் நிற்கும் நெல் உழுதவனுக்குத் தெரியாமலே சென்னையில் கைமாறிற்று.

டைரக்டர்மாரின் உத்தரவுப்படி கவர்னர் பிகட் பிரபு 1776 ஏப்ரலில் தஞ்சையை மீண்டும் அதன் அரசர் துளஜாஜியிடம் ஒப்புவித்தார். உடனே பால் பென்பீல்டு என்னும் கும்பினி ஊழியர் எழுந்து, தஞ்சை விளைவின்மீது தமக்கு 1,62,000 பவுனும், அங்குள்ள தனிப்பட்டவர்களிடம் 72,000 பவுனும் வரவேண்டுமென்றார். இரண்டையும் கூட்டுக: 2,34,000! கிளைவ் பெற்ற அதே தொகை. தற்செயலே எனினும் நம் கண்ணை உறுத்துகிறது. ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் பெறும் ஒருவருக்கு இத்தனை பணம் எங்கிருந்து வந்ததென்று பிகட் கேட்டார். கவுன்சில் முதலில் பென்பீல்டின் கோரிக்கையை மறுத்தது. பின்னர்ப் பெரும்பான்மை புரண்டது. 1776 ஆகஸ்டு 24இல் கவுன்சிலாரே தம் கவர்னரைக் கைது செய்தனர். 1777 மே 11இல் பிகட் காவலிலேயே இறந்தார். கைது செய்த கவுன்சிலார் நால்வர் லண்டனில் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகளென்று 1780இல் தீர்ப்பாயினர். தண்டனை என்ன? ஆளுக்கு 1,000 பவுன் அபராதம்! அவர்கள் வைத்திருந்த செல்வத்துக்கு அது ஒரு விருந்தின் செலவு. அதே 1780இல் பென்பீல்டு பாராளுமன்ற அங்கத்தினரானார்.

இந்தக் கடன்களை விசாரணையின்றியே தீர்க்கலாமென்று பிட் மந்திரிசபை இசைந்தபோது, 1785 பிப்ரவரி 28இல் எட்மண்டு பர்க் பாராளுமன்றத்தில் நெடுஞ்சொற்பொழிவாற்றி எதிர்த்தார். பயனில்லை. பல்லாண்டுக்குப் பின், 1805இல் அமைந்த ஒரு கமிஷன் நவாபின் பேரிலிருந்த மற்றக் கடன்களைச் சீட்டுச் சீட்டாக ஆராய்ந்தது. வந்து குவிந்த கோரிக்கைகள் மூன்று கோடி பவுனுக்கு மேல்; உண்மையென்று நின்றது அதில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. நம்மிற் பலருடைய பாட்டனும் பூட்டனும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இம்மலாயாவுக்கு வந்தவர்கள். அந்நாகையைச் சூழ்ந்த நெல்வயல்கள் பென்பீல்டு உரிமை கொண்டாடிய தஞ்சைச் சீமையே.

வங்காளத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியை விட்டுவிட்டால் இச்சரித்திரம் குறைபடும். 1773ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் கவர்னர் ஜெனரலும் கவுன்சிலாரும் நீதிபதிகளும் வெகுமானம் பெறலாகாதென விதித்தது. கவர்னர் ஜெனரலுக்கு ஆண்டுச் சம்பளம் 25,000 பவுன் ஏற்படுத்தியது. கையொப்பம் போய்ச் சட்டமே வந்துவிட்டது, சம்பளமும் உயர்ந்துவிட்டது. 1775 மார்ச்சில் நந்தகுமார் என்னும் வங்காளப் பிரமுகர், வாரன் ஹேஸ்டிங்ஸ் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கைக்கூலி பெற்றாரென்று கவுன்சிலுக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தார். சில வாரங்களுக்குள் நந்தகுமார்மீது பழைய பத்திரமொன்றைப் பொய்யாகத் தயாரித்ததாக வேறொருவரால் வழக்குத் தொடரப்பட்டது. விசாரித்த பிரதம நீதிபதி இம்பே, ஹேஸ்டிங்ஸின் பள்ளித் தோழர். ஆங்கிலச் சட்டப்படி மரண தண்டனை. 1775 ஆகஸ்டு 5இல் நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கில் ஹேஸ்டிங்ஸின் கை இருந்ததா இல்லையா என்று சரித்திராசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். நந்தகுமார் யோக்கியர் அல்லர் என்போரும் உண்டு; இருக்கலாம். ஆனால் கல்கத்தாவாசிகள் அன்று கற்றுக்கொண்ட பாடம் எதுவென்பதில் எவருக்கும் ஐயமிருக்க முடியாது. அதன்பின் யார் துணிந்து புகார் எழுதுவார்?

ஹேஸ்டிங்ஸின் கணக்கு முறை நம் போன்ற கிராணிமார் கவனிக்கத்தக்கது. 1780இல் காசி அரசர் சைத் சிங்கிடம் 2 லட்சம் ரூபாய் பெற்றார். அதைத் தம் சொந்தப் பணம் போலக் காட்டிக் கும்பினியின் படைச் செலவுக்குக் கொடுத்தார். பின்னரே உண்மையைத் தெரிவித்தார். அயோத்தி நவாபு கொடுத்த 10 லட்சத்தைத் தாமே வைத்துக்கொள்ள அனுமதி வேண்டி டைரக்டர்மாருக்கு எழுதினார், மறுக்கப்பட்டது. 1788 பிப்ரவரி 13இல் தொடங்கிய விசாரணை 1795 ஏப்ரல் 23 வரை ஏழாண்டு நீடித்தது. எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் விடுதலை. கும்பினி ஆண்டுக்கு 4,000 பவுன் உபகாரச் சம்பளமும் அளித்தது.

இடையே 1784இல் ஒரு நல்ல விதி பிறந்ததுண்டு: இந்தியாவிலிருந்து திரும்பும் ஒவ்வோர் உத்தியோகஸ்தனும் தன் சொத்துக் கணக்கைப் பிரமாணத்தோடு காட்டவேண்டும் என்பது. சம்பந்தப்பட்டவர்கள் கூச்சலிட்டனர், 1786இல் அவ்விதி நீக்கப்பட்டது. இரண்டு வயதில் மாண்ட குழந்தை அது!

அதே 1786இல் காரன்வாலிஸ் பிரபு வந்தார். காசியிலிருந்த ரெசிடெண்டுக்குச் சம்பளம் மாதம் 1,000 ரூபாய். உண்மை வரும்படி ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்குச் சற்றே குறைவு என்பதை அவரே கண்டு எழுதினார். மருந்தும் கண்டார்: சொந்த வியாபாரத்தைத் தடுத்தார், கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாய் சம்பளமும், தண்டும் வரியில் நூற்றுக்கு ஒன்று வீதம் கமிஷனும் அளித்தார். இம்மருந்து பலித்தது. வெள்ளைக்கார உத்தியோகஸ்தரிடையே கைக்கூலி பெரிதும் குறைந்தது. சரித்திரம் ஒப்புக்கொள்ளும் வெற்றி இது.

ஆனால் அம்மருந்து யாருக்கு? வெள்ளைக்காரன் இலஞ்சம் வாங்கினான். காரணம் குறைந்த சம்பளம். ஆகவே சம்பளத்தை உயர்த்து. இந்தியன் இலஞ்சம் வாங்கினான். காரணம் அவன் பிறவி. ஆகவே அவனைப் பெரிய உத்தியோகத்திலிருந்தே விலக்கு! இந்துஸ்தானத்தார் ஒவ்வொருவரும் நேர்மையற்றவரே என்பது காரன்வாலிஸின் துணிபு. உயர்ந்த பதவிகள் பத்திரம் எழுதிக் கொடுத்த ஊழியர்க்கே உரியவையென 1793ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது, அவ்வூழியர் வெள்ளையர். ‘பத்திரம் எழுதியோர்’, ‘எழுதாதோர்’ என்று உத்தியோகத்தில் இரு சாதிகள் உண்டாயின. இலஞ்சத்தைத் தடுக்கப் பிறந்த காகிதம் பூணூலாயிற்று. கீழ்ப்படியில் எழுதிக் குவித்த இந்தியக் குமாஸ்தாவுக்கு மாதம் சில ரூபாய்; அவன்மீது சந்தேகம் மட்டும் நிறைய.

சென்னையிலும் இதே காட்சி. அவதானம் பாப்பையா என்ற துபாஷி, கவர்னராயிருந்த ஹாலண்டு சகோதரர்களின் வலக்கையாக இருந்து பொருள் குவித்தவர். நல்லவரென்று நாம் சொல்லோம். ஓர் ஆங்கில அதிகாரிமீது சதி செய்த குற்றத்துக்காக 1792இல் தண்டிக்கப்பட்டார். வலக்கைக்கு விலங்கு விழுந்தது. உடலுக்குரிய எஜமானர்களோ அதற்குள் இந்தியாவை விட்டே நீங்கிவிட்டனர்.

இவை பழங்கதைகள், இக்காலத்துக் கம்பெனிகள் திருந்திவிட்டன என்று கூறும் அன்பர்க்கு மூன்று செய்திகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம். அமெரிக்க விமானக் கம்பெனியாகிய லாக்ஹீடு, தன் விமானங்களை விற்க ஜப்பானில் இலஞ்சம் கொடுத்தது 1976இல் வெளிப்பட்டது. முன்னாள் பிரதமர் தனாக்கா 50 கோடி யென் பெற்றதாகக் கைதாகி, 1983இல் தண்டிக்கப்பட்டார். பணம் பெற்றதற்குக் கொடுத்த ரசீதுகளில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? ‘வேர்க்கடலை’! நூறு கடலை என்றால் பத்துக் கோடி யென். ஹேஸ்டிங்ஸின் ‘சொந்தப் பணம்’ போலவே இதுவும் எழுத்தில் நடந்த மோசம். அக்காலத்தில் 400க்கு மேற்பட்ட அமெரிக்கக் கம்பெனிகள் 30 கோடி டாலருக்கு மேல் இவ்வகையில் கொடுத்ததை ஒப்புக்கொண்டன. அதன் பயனாக 1977 டிசம்பரில் பிறந்த அமெரிக்கச் சட்டம், வெளிநாட்டு அதிகாரிக்கு இலஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கியதோடு நில்லாமல், கணக்குப் புத்தகம் உள்ளது உள்ளபடி எழுதப்படவேண்டும் என்றும் விதித்தது. கடலையென்று எழுதுவதே குற்றமாயிற்று.

ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனியில் இலஞ்சத்தை விலக்கும் விதிகள் காகிதத்தில் நிரம்ப இருந்தன. ஊழியர் பெட்டி கொண்டுவந்து ரொக்கம் எடுத்துச்செல்லும் ஜன்னல்களும் இருந்தன. கொடுப்பனவை அனுமதிப்போர் கையொப்பத்தை உரித்தெடுக்கக்கூடிய மஞ்சள் ஒட்டுத் தாளில் இட்டனராம்! கல்கத்தாவார் கையொப்பமிடாமல் தப்பினர். இவர்கள் உரியும் கையொப்பமிட்டுத் தப்ப முயன்றனர். 1999 வரை வெளிநாட்டில் கொடுத்த இலஞ்சத்தை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட ஜெர்மானியச் சட்டமே இடங்கொடுத்திருந்தது. 2008 டிசம்பரில் கம்பெனி அமெரிக்காவிலும் ஜெர்மனியிலுமாக 160 கோடி டாலர் அளவில் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரின் கெப்பல் கப்பல் தளக் கம்பெனி, பிரேசில் நாட்டில் 2001 முதல் 2014 வரை சுமார் 5.5 கோடி டாலர் இலஞ்சம் கொடுத்ததற்காக 2017இல் 42.2 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. கம்பெனி செலுத்தியது, அதாவது பங்குதாரர் செலுத்தினர். முன்னாள் மேலதிகாரிகள் அறுவர்க்கு, வழக்குத் தொடரச் சான்று போதாதென்று 2023இல் சிங்கப்பூர் அரசாங்கம் கடும் எச்சரிக்கை விடுத்தது. எச்சரிக்கை, அவ்வளவே.

இங்கே மலேசியாவில் 2020 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள 17ஏ பிரிவு, ஊழியனோ முகவனோ கம்பெனியின் ஆதாயத்துக்காக இலஞ்சம் கொடுத்தால் கம்பெனியையும் அதன் டைரக்டர்மாரையும் பிடிக்கிறது. அபராதம் இலஞ்சத்தொகையின் பத்து மடங்குக்கோ பத்து லட்சம் வெள்ளிக்கோ, எது அதிகமோ அதற்குக் குறையாது. இருபதாண்டு வரை சிறையும் உண்டு. தக்க தடுப்பு ஏற்பாடுகள் செய்திருந்தோமென்று கம்பெனி நிரூபித்தால் தப்பலாம். நம் தோட்டத்துக்கு வந்த கட்டுக் காகிதத்தின் பிறப்பிடம் இதுவே. கையொப்பம் நம்முடையது, கேடயம் அவர்களுடையது. எனினும் இச்சட்டத்தை நாம் இகழவில்லை. கல்கத்தாவில் கீழே அனுப்பிய காகிதத்துக்கு லண்டன் டைரக்டர் பிணையாகவில்லை. இச்சட்டம் மேலிருப்பவனைப் பிணையாக்குகிறது.

பத்திரங்கள் கையொப்பமாகிச் சென்றபின், தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து பெரட்டுக் களத்தில் இலஞ்சத் தடையைப் பற்றி விளக்கினார். தவறு கண்டால் எழுதிப் போட ஒரு பூட்டிய பெட்டி ஆபீஸ் சுவரில் மாட்டப்படும் என்றார். நாம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். முன்வரிசையில் இருந்த, உதிரிப்பழம் பொறுக்கும் அம்மையார் ஒருவர் எழுந்து, “எழுதிப் போட்டவ பேரு பங்களாவுக்குத் தெரியுமா, தம்பி?” என்று கேட்டார். நாம் அதை ஆங்கிலத்தில் கூறினோம். இளைஞர் நல்லவர், பொய் சொல்லவில்லை. புகார் கொடுப்போரைக் காக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம், அரசாங்க அமலாக்க இலாகாவிடம் நேரே சொல்பவருக்கே இயற்றப்பட்டது. கம்பெனிப் பெட்டியில் போடுபவருக்கு அது பொருந்துமென்று தம்மால் உறுதி கூற இயலாது என்றார். பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும் என்று நாம் கேட்டோம். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மானேஜரிடம் என்றார். அவ்விடையையும் தமிழில் கூறினோம். அம்மையார் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பெட்டி இப்பொழுது சுவரில் தொங்குகிறது. அதன் எதிரேதான் நம் மேசை.